கோர்ஸ் முடிந்தும் கிருமி போகவில்லையே?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வயது 46. எண்டோஸ்கோபியில் வயிற்றுப் புண்ணும் ஹெச்.பைலோரி கிருமியும் இருப்பதாகச் சொன்னார்கள். பேன்டோப்ரசோல், அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் மூன்றையும் 14 நாள், ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டேன். இரண்டு மாதம் கழித்து மலப் பரிசோதனையில் மறுபடியும் பாசிட்டிவ். மருந்துக்கடையில், "கம்பெனியை மாற்றி அதே கோர்ஸைப் போடுங்கள்" என்கிறார்கள். போடலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். கோளாறு கம்பெனியில் இருக்க வாய்ப்புக் குறைவு. ஒழுங்காகச் சாப்பிட்டும் கிருமி தப்பியிருக்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளாரித்ரோமைசினைத்தான். கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துவது இந்த மருந்து. அது ஒட்டும் இடத்தில் ஒரே ஒரு மரபணு எழுத்து மாறினால் போதும், பிடி நழுவிவிடும். பிறகு 500 மி.கி. போட்டாலும் 1000 மி.கி. போட்டாலும் பலன் ஒன்றுதான்.

"உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். உடம்பு எதற்கும் பழகவில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஏற்கெனவே ஒன்றிரண்டுக்கு அந்த மாற்றம் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று, அந்த மாற்றமுள்ள கிருமிகளுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்துவிடுகிறது. இது நடந்தது இந்த கோர்ஸில்தான் என்றும் இல்லை. சளிக்கும் தொண்டை வலிக்கும் வாங்கிப் போடும் மூன்று மாத்திரை அட்டை, அதாவது அசித்ரோமைசின் 500, கிளாரித்ரோமைசினின் பங்காளி. ஒன்றுக்கு மசியாத ஹெச்.பைலோரி பொதுவாக மற்றதற்கும் மசியாது. வயிற்றுப்போக்குக்கு நாமாகவே வாங்கிப் போடும் ஆஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையும் இப்படித்தான். ஹெச்.பைலோரிக்குத் தரும் லீவோஃப்ளாக்சசின் (ஆஃப்ளாக்சசினின் பங்காளி), மெட்ரோனிடசோல் (ஆர்னிடசோலின் பங்காளி) என்று இரண்டு மருந்துகளின் வழியையும் ஒரே மாத்திரை அடைத்துவிடும். பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க அதைவிட உதவும் தகவல் குறைவு.

விதி இதுதான்: ஒருமுறை தோற்ற கிளாரித்ரோமைசினையும் லீவோஃப்ளாக்சசினையும் திரும்பத் தொடக் கூடாது. அமாக்சிசிலினுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் எதிர்ப்பு குறைவு என்பதால் அவற்றை மறுபடி தரலாம். மெட்ரோனிடசோல் மட்டும் தனிக் கதை. அது கிருமிக்குள் போய், கிருமியின் நொதியாலேயே விஷமாக மாறும் மருந்து. அந்த நொதி கெட்டுப்போன கிருமி தப்பிக்கும். ஆனால் வேறு சில நொதிகள் அதே வேலையை மந்தமாகவாவது செய்வதால், அளவைக் கூட்டி, 14 நாள் முழுக்கக் கொடுத்தால் எதிர்ப்பையும் மீறி ஓரளவு வேலை செய்யும். இந்தியாவில் மெட்ரோனிடசோல் எதிர்ப்பு மிக அதிகம். ஆனாலும் அடுத்த கட்டமான நான்கு மருந்து கோர்ஸில் அது இடம்பெறுவதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: அந்த நான்கு மருந்து கோர்ஸைத்தான் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 14 மாத்திரை! எதை எப்போது போடுவது? காலையில் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். – வாசகி, மதுரை

பதில்: பேன்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை 2, பிஸ்மத் 120 மி.கி. 4, டெட்ராசைக்ளின் 500 மி.கி. 4, மெட்ரோனிடசோல் 400 மி.கி. 4. கூட்டினால் 14. அப்படி 14 நாள், ஆக 196 மாத்திரை. டெட்ராசைக்ளின் 250 மி.கி. மட்டும் கிடைத்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். உங்கள் சீட்டில் அளவு கொஞ்சம் மாறியிருந்தால் சீட்டில் உள்ளதே சரி.

அமிலக் குறைப்பு மாத்திரையைக் காலை, இரவு உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் போடுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறைந்துவிடும். மற்ற மூன்றும் காலை, மதியம், இரவு உணவுக்குப் பிறகு ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை. கடைசி வேளையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் டெட்ராசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டி அங்கே புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடியுங்கள், அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள்.

இரும்பும் கால்சியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பால், தயிர், மோர், பால் காபி, ஆன்டாசிட் டானிக் எல்லாமே அதற்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டை ரசத்தோடு முடித்துக்கொண்டு மோரை மாலை நாலு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள், அதுதான் சுலபம்.

மலமும் நாக்கும் கறுக்கும். அது பிஸ்மத்தின் நிறம், நிறுத்தியதும் போய்விடும். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, கெட்ட வாடையோடு போய், தலையும் சுற்றினால் அது ரத்தக்கசிவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் மெட்ரோனிடசோலால் வருபவை. அந்த மருந்து ஓடும்போதும் முடிந்து மூன்று நாள் வரையிலும் மது கூடாது. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் ஆகாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கோர்ஸைத் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: கோர்ஸ் முடித்து ஒரு வாரத்தில் மூச்சுப் பரிசோதனை செய்தேன், நெகட்டிவ். ஆனால் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்கிறது. எதை நம்ப? – வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். ரத்தத்தில் பார்ப்பது எதிர்ப்பொருளை. கிருமி ஒழிந்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கும். மூச்சுப் பரிசோதனை நல்ல பரிசோதனைதான், நீங்கள் செய்த நேரம்தான் சரியில்லை. அதில் குடிக்கத் தரும் யூரியாவைக் கிருமி உடைத்தால், அடையாளமிட்ட கரியமில வாயு மூச்சில் வரும். அடிபட்டுக் கிடக்கும் கொஞ்சக் கிருமி அந்த அளவுக்கு வாயுவை உண்டாக்காது. ஆன்டிபயாடிக், பிஸ்மத் நிறுத்தி 4 வாரம், பேன்டோப்ரசோல் வகை நிறுத்தி 2 வாரம் ஆன பிறகு மறுபடி செய்யுங்கள். இடையில் எரிச்சல் தாங்கவில்லை என்றால் ஃபாமோடிடின் போட்டுக்கொள்ளலாம், பரிசோதனைக்கு முந்தைய நாள் அதையும் நிறுத்திவிட வேண்டும். மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் மல ஆன்டிஜென் பரிசோதனைக்கும் இதே கணக்குத்தான்.

கேள்வி: சிறுநீர்த் தொற்றுக்குக் கல்ச்சர் எடுத்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்கிறார்களே, இதற்கு ஏன் செய்வதில்லை? – வாசகர், சேலம்

பதில்: செய்யலாம், சிரமம் அதிகம். எண்டோஸ்கோபி வழியாகச் சதைத்துணுக்கு எடுத்து, காயாமல், தாமதிக்காமல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆக்சிஜன் குறைந்த காற்றில்தான் இந்தக் கிருமி வளரும், அதுவும் ஆமை வேகத்தில். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்க்க முயன்றபோது, இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காத தட்டுகள் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஈஸ்டர் விடுமுறையில் சில தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. அவற்றில்தான் முளைத்தது. (2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.) இப்போது கிளாரித்ரோமைசின் எதிர்ப்பைப் பி.சி.ஆர். முறையில் சீக்கிரமே கண்டுபிடிக்கலாம். ஆனால் அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இரண்டு கோர்ஸ் தோற்றவர்கள், மூன்றாவதைக் குத்துமதிப்பாகத் தொடங்குவதற்கு முன் இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

கேள்வி: வோனோப்ரசான் என்ற புது மாத்திரை இந்தக் கிருமியைக் கொல்லுமாமே? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அது கிருமியைக் கொல்லாது, அமிலத்தை மட்டுப்படுத்தும். பேன்டோப்ரசோலைவிட வேகமாக, பலமாக. அமிலம் குறைந்தால் கிருமி பெருகத் தொடங்கும். பெருகும்போது புதுச் சுவர் கட்டியாக வேண்டும். அமாக்சிசிலின் அடிப்பது அந்தச் சுவர் கட்டும் வேலையைத்தான். உறங்கும் கிருமியிடம் அதன் ஜம்பம் பலிக்காது. ஜப்பானில் 2015 முதல் இது புழக்கத்தில் உள்ளது. வோனோப்ரசான் 20 மி.கி. இரண்டு வேளை, அமாக்சிசிலின் 1 கிராம் மூன்று வேளை, 14 நாள் என்ற இரு மருந்து முறையை அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கு இது ஆகாது.

கேள்வி: தேன், மஞ்சள், பூண்டு? – வாசகி, நாகர்கோவில்

பதில்: சமையலுக்கு நல்லவை. கிருமியை அடியோடு ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கேள்வி: நான்கு மருந்தில் டெட்ராசைக்ளின் மட்டும் எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. "டாக்ஸிசைக்ளினும் அதே வகைதான்" என்று கொடுக்கிறார்கள். மற்ற மூன்றையும் நேற்றே தொடங்கிவிட்டேன். – வாசகர், புதுக்கோட்டை

பதில்: ஒரே வகைதான், ஆனால் இந்தக் கிருமியிடம் டாக்ஸிசைக்ளினின் வெற்றி விகிதம் குறைவு. மாற்றிக்கொள்ள வேண்டாம். இன்றே மருத்துவரைக் கூப்பிட்டு, தொடங்கியதை நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள். ஒற்றை ஆன்டிபயாடிக்காக மெட்ரோனிடசோல் மட்டும் ஓடினால், எதிர்ப்புள்ள கிருமிதான் மிஞ்சும். பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் சொல்லி வைத்தால் டெட்ராசைக்ளினை வரவழைத்துத் தருவார்கள். அட்டையில் காலாவதித் தேதியைப் பாருங்கள், பழைய டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். வயிற்றுப் புண்ணில் ரத்தக்கசிவு இல்லாதவருக்கு ஒரு வாரம் தள்ளிப்போவதால் ஆபத்தில்லை. 196 மாத்திரையும் கைக்கு வந்த பிறகு முதல் நாள் என்று எண்ணத் தொடங்குங்கள்.