கணையத்தை எந்தப் பாடத்துல சேர்க்கிறது?

கேள்வி: உடம்புல மொத்தம் 11 மண்டலம்னு படிச்சிட்டு இருக்கேன். பேரெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பேன், ஆனா ரத்த ஓட்டத்துக்கு வர்றதுக்குள்ள எலும்பு மறந்து போகுது. இதுல கணையம் வேற செரிமானத்துலயும் வருது, நாளமில்லா சுரப்பியிலயும் வருது. அதை எதுல சேர்க்கிறது?

பதில்: ரெண்டுலயும் சேர்த்துக்கோங்க, தப்பே இல்ல. கணையத்துல பெரும்பகுதிக்கு செரிமான நீர் சுரக்குறதுதான் வேலை, அது குழாய் வழியா சிறுகுடலுக்குப் போயிடும். நடுநடுவுல தீவு மாதிரி குட்டிக் குட்டியா வேற செல் கூட்டம் இருக்கு, அதுங்கதான் குழாயே இல்லாம இன்சுலினை நேரா ரத்தத்துல விடுது. இந்தத் தீவுகளை 1869ல மைக்ராஸ்கோப்ல பார்த்து எழுதினது பால் லாங்கர்ஹான்ஸ், அப்ப அவர் ஜெர்மனில ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட். இதுங்க என்ன வேலை பார்க்குதுன்னு அவருக்கே தெரியல, அதனால குழம்பினது நீங்க மட்டும் இல்ல!

11ங்கிறது பாடம் நடத்த வசதியா நாம பிரிச்சது. என்னைக் கேட்டா மண்டலம் மண்டலமா படிக்கிறதை ரெண்டு நாள் நிறுத்திட்டு ஒரே ஒரு சிவப்பணு பின்னாடி போய்ப் பாருங்க. அது பிறக்கிறது எலும்பு மஜ்ஜையில, ஆனா "இன்னும் நிறைய தயார் பண்ணு"ன்னு மஜ்ஜைக்கு ஆர்டர் போடுறது சிறுநீரகம், எரித்ரோபாய்டின்னு ஒரு ஹார்மோன் அனுப்பி (கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு ரத்தசோகை வர்றது பெரும்பாலும் இதனாலதான்). வெளிய வந்ததும் நுரையீரல்ல ஆக்ஸிஜனை ஏத்திக்கிட்டு ஓட ஆரம்பிக்கும். தந்துகிகள்ல, அதாவது ரொம்ப மெல்லிய ரத்தக் குழாய்கள்ல, சிலது சிவப்பணுவோட அகலத்தை விடவே ஒடுக்கம், உடம்பை மடிச்சு வளைச்சு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையில நுழைஞ்சு போகும். இப்படி ஒரு 120 நாள். அப்புறம் மண்ணீரல்லயோ கல்லீரல்லயோ உடைபட்டுரும், அதுல இருந்த இரும்பு திரும்ப மஜ்ஜைக்கே போயிடும், மிச்சம் இருக்கிற மஞ்சள் நிறப்பொருள் பித்தத்துல கலந்து குடலுக்கு வந்து அங்க பாக்டீரியா கையில மாட்டி மலத்துக்குப் பழுப்பு நிறம் குடுக்கும். பாருங்க, ஒரே செல்லை வச்சு எத்தனை பாடம் முடிஞ்சிடுச்சு.

கேள்வி: சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுதுன்னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்ல. ரத்தத்தோட நீர்ப்பகுதியே சுமார் 3 லிட்டர்தான், அதையே திரும்பத் திரும்ப வடிகட்டுது. பையில குப்பை எதுன்னு தேடாம மொத்தமா கவிழ்த்துக் கொட்டிட்டு, வேணுங்கிறதை மட்டும் திரும்ப எடுத்து வச்சுக்கிற மாதிரி. 99 சதவீதம் உள்ள போயிடும், ஒண்ணரை லிட்டர் போலதான் வெளிய வரும்.

கேள்வி: விக்கல் எந்த மண்டலத்துல வரும்?

பதில்: நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம்ங்கிற தசை திடீர்னு சுருங்குது, குரல்வளை பட்டுன்னு மூடிக்குது, அந்தச் சத்தம்தான் விக்கல். தசை, நரம்பு, சுவாசம் மூணுக்கும் பங்கு இருக்கு. வேடிக்கை என்னன்னா உதரவிதானத்துக்கான நரம்பு கிளம்புறது கழுத்துலேர்ந்து. கருவுல அந்தத் தசை முதல்ல உருவாகுறது கழுத்துப் பக்கம்தான், அப்புறம் கீழ இறங்குறப்ப நரம்பையும் கூடவே இழுத்துட்டு வந்துடுது.