டிஎஸ்எல்ஆர் மூட்டைக்குப் பதில் ஒரு பிரிட்ஜ் கேமரா: கேள்வி பதில்

கேள்வி: டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றும் கேமரா), மூன்று லென்ஸ், பை என்று சுமந்து தோள் வலிக்கிறது. 125 மடங்கு ஜூம் உள்ள ஒரே பிரிட்ஜ் கேமராவை (லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் கேமரா) வாங்கிவிடலாமா?

ஜூம் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள், முதலில் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு). பிரிட்ஜ் கேமராக்களில் பெரும்பாலும் இரண்டே அளவுதான். 1/2.3 அங்குலம் என்பது 6.2 × 4.6 மி.மீ.; 1 அங்குலம் என்பது 13.2 × 8.8 மி.மீ. பரப்பில் நான்கு மடங்கு வித்தியாசம். வெளிச்சம் குறைந்ததும் இந்த வித்தியாசம் படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

நிகான் பி1000 (24–3000 மி.மீ.), பி950 (24–2000), கேனான் எஸ்எக்ஸ்70 (21–1365) ஆகியவை சிறிய சென்சார். சோனி ஆர்எக்ஸ்10 வரிசையின் நான்காவது மாடல் (24–600), பானசோனிக் எஃப்இசட்1000 (25–400) ஆகியவை பெரியது. அடைப்புக்குறிக்குள் இருப்பது லென்ஸின் குவியத்தூரம்: எண் கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். இவையெல்லாம் முழு ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கணக்கில் சொல்லும் எண்கள்.

எடையையும் சரிபாருங்கள். எஸ்எக்ஸ்70 வெறும் 610 கிராம். சோனி 1,095. பி1000 1,415 கிராம். சிறிய டிஎஸ்எல்ஆரில் அதோடு வரும் கிட் லென்ஸ் மாட்டினால்கூட இவ்வளவு கனக்காது. ஆனால் 150–600 லென்ஸ் ஒன்றே 2 கிலோ வரும் என்பதால், நீங்கள் தூக்குவது எது என்பதைப் பொறுத்தே லாபம்.

கேள்வி: 600 மி.மீ. வரை போகும் கேமரா வாங்கி, படத்தில் வேண்டிய இடத்தை வெட்டிக்கொண்டால் 2000-க்கு ஈடாகாதா?

ஆகாது. 20 மெகாபிக்சல் படத்தை 1200 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் 5 மெகாபிக்சல் மிஞ்சும். சிறிய பிரிண்டுக்குத் தாராளம். 2000-க்கு வெட்டினால் 2-க்கும் குறைவு. தூரத்துப் பறவையை அடையாளம் காண்பதுதான் முதல் வேலை என்றால் பி950 பக்கம் போங்கள். பயணம், குடும்பம், மாலை வெளிச்சம், இடையிடையே பறவை என்றால் 1 அங்குலம்தான் என் தேர்வு.

கேள்வி: முழு ஜூமில் எடுத்தால் எல்லாமே மங்கல். லென்ஸ் பழுதா?

பெரும்பாலும் இல்லை. முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் வெப்பம் கானல் போல அலையும், 1000 மி.மீ.க்கு மேல் அது அப்படியே படத்தில் பதியும். எந்த செட்டிங்கும் இதைத் திருத்தாது. விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் அதே இடத்தை எடுத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஷட்டர் வேகம். உட்கார்ந்த பறவைக்கு 1/500 வினாடி, பறக்கும்போது 1/1600. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை அடக்கும். பறவையின் தலையாட்டலை அடக்காது. ஸ்டாண்டில் வைத்தால் ஸ்டெபிலைசரை அணைத்து, 2 வினாடி டைமர் போடுங்கள்.

மூன்றாவது, அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) மூடுவது. எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும். எஃப்/8-ல் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஏறக்குறைய 10 மைக்ரான் (ஒரு மைக்ரான், மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) அகலத்துக்குப் பரவும். சிறிய சென்சாரின் பிக்சலோ 1.3 மைக்ரான்தான். டிஎஸ்எல்ஆர் பழக்கத்தில் 'எஃப்/8 கூர்மையாக இருக்கும்' என்று மூடினால் இங்கே மங்கல்தான் கூடும். முழுதாகத் திறந்தே வையுங்கள். டிஜிட்டல் ஜூமை (படத்தை வெட்டிப் பெரிதாக்குவது) மெனுவிலேயே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஜூம் செய்ததும் பறவை காணாமல் போகிறது.

எல்லோருக்கும் போகும். ஜூமைக் குறைத்து, பறவையை நடுவில் நிறுத்தி, பிறகு மெல்ல நீட்டுங்கள். நிகானில் லென்ஸ் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு: அழுத்தினால் ஜூம் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். திரையை விட வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம்) நல்லது. நெற்றியில் அழுத்திப் பிடிப்பதால் நடுக்கமும் குறையும். ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடினால், ஏறக்குறைய அதே தூரத்தில் உள்ள கிளையில் முதலில் ஃபோகஸ் செய்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நிலா வெறும் வெள்ளைத் தட்டாக வருகிறது.

கறுப்பு வானத்தைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் ஏமாறுகிறது. மேனுவலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/6.5, 1/200 வினாடியில் தொடங்குங்கள். பாதி நிலாவுக்கு 1/60. 600 மி.மீ.யில் நிலா ஃபிரேம் உயரத்தில் கால் பங்குகூட வராது, 2000-ல் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, 3000-ல் ஃபிரேமைத் தாண்டும்.

கேள்வி: 1 அங்குல கேமராக்களின் லென்ஸை எஃப்/4 என்கிறார்களே, பின்னணி டிஎஸ்எல்ஆர் போலக் கரையுமா?

வெளிச்சக் கணக்கில் அது எஃப்/4-தான். மங்கலைப் பொறுத்தவரை 1 அங்குல சென்சாரில் 2.7-ஆல் பெருக்குங்கள்: முழு ஃபிரேமில் எஃப்/11 வைத்தது போல. பின்னணி தூரமாக இருந்தால் 600-ல் நன்றாகவே கரையும். அறைக்குள் முகம் எடுத்தால் கரையாது.

கேள்வி: பட்டாம்பூச்சிக்குத் தனி மேக்ரோ லென்ஸ் வேண்டுமே?

இங்கேதான் பிரிட்ஜ் கேமரா அசத்தும். அந்தச் சோனி 600 மி.மீ.யிலேயே 72 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும். சுமார் 7 செ.மீ. அகலம் ஃபிரேமை நிறைக்கும். மற்றவற்றில் லென்ஸ் முன்னால் 2 டயாப்டர் குளோஸ்அப் ஃபில்டர் (பூதக்கண்ணாடி போன்ற கண்ணாடி) மாட்டுங்கள். ஃபோகஸ் தூரம் 50 செ.மீ. அளவில் நிற்கும், பெரிதாக்கத்தை ஜூமால் கூட்டலாம்.

கேள்வி: பேட்டரி?

பி1000-க்கு ஒரு சார்ஜில் 250 படம் என்பதே கணக்கு. இரண்டு உபரி வைத்துக்கொள்ளுங்கள். 4கே வீடியோவுக்கு யூ3 (வேகமாகப் பதியும் வகை) மெமரி கார்டு.

கேள்வி: பழைய கேமரா வாங்கினால் எதைச் சோதிப்பது?

தூசியை. இந்த லென்ஸ்கள் நீளும்போது காற்றை உள்ளே இழுக்கும். கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் சென்சாரில் படிந்தால் சர்வீஸில் பிரித்தே ஆகவேண்டும். வெள்ளைச் சுவரை முழு ஜூமில், அப்பர்ச்சரை முடிந்தவரை மூடி எடுங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் தெரிந்தால் வேண்டாம். பிறகு ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது முறை ஓட்டுங்கள். எங்காவது தயங்கினாலோ கரகரத்தாலோ மோட்டாரோ கியரோ தேய்ந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.