ஓப்பன்சிவியை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் நிறுவுவது எப்படி?

விண்டோஸில் ஒரே வரியில் ஏறிவிட்ட ஓப்பன்சிவி (படங்களையும் காணொளிகளையும் அலசும் நிரல் தொகுப்பு) லினக்ஸ் சர்வரில் ஏன் அடம் பிடிக்கிறது, மேக்கில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் கட்டளை ஒன்றுதான்: பிப் இன்ஸ்டால் ஓப்பன்சிவி-பைத்தான். பிப் என்பது பைத்தான் பொதிகளை நிறுவும் கருவி. அந்தக் கட்டளை உங்கள் கணினிக்கு எந்தக் கோப்பை இறக்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் நிறுவும்போது திரையில் ஓடும் கோப்புப் பெயரைப் படிக்கப் பழகுங்கள்.

ஓப்பன்சிவியின் உள்ளே இருப்பது பெரும்பாலும் சி++ நிரல். அதை யாராவது கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற்றியாக வேண்டும். ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருக்கும் பொதிக்குப் பெயர் வீல். அதன் பெயரிலேயே விவரம் இருக்கும். 'வின்_ஏஎம்டி64' என்றால் 64 பிட் விண்டோஸ். 'மேனிலினக்ஸ்' என்றால் உபுண்டு, டெபியன், ஃபெடோரா வகையறா. 'மேக்ஓஎஸ்எக்ஸ்', கூடவே 'ஏஆர்எம்64' என்றால் எம்1 முதலான மேக். 'சிபி312' என்பது பைத்தான் 3.12.

பெயர் '.டார்.ஜிஇசட்' என்று முடிந்தால், பொருந்தும் வீல் கிடைக்காமல் உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் போகிறது என்று பொருள். கண்ட்ரோல்-சி அடித்து அங்கேயே நிறுத்துங்கள். முதலில் பிப்பைப் புதுப்பியுங்கள். பழைய பிப்புக்குப் புதிய வீல் பெயர்கள் புரியாது, மேனிலினக்ஸ்2014 வீலுக்கே பிப் 19.3 வேண்டும். அப்புறம் பைத்தான் பதிப்பைப் பாருங்கள். ஓப்பன்சிவி கூடவே நம்பை என்ற எண்கணக்குப் பொதியையும் இழுத்து வரும். பைத்தான் இப்போதுதான் வெளியான பதிப்பு என்றால், நம்பைக்கு இன்னும் வீல் வராமல் இருக்கலாம். விண்டோஸில் 'விஷுவல் சி++ 14.0 தேவை' என்று வரும் பிழைக்கும் பல நேரம் இதுவே காரணம். கம்பைல் செய்வதற்கான பெரிய பில்ட் டூல்ஸை இறக்குவதற்கு முன், ஒரு பதிப்பு பழைய பைத்தானில் முயன்று பாருங்கள்.

சரி, உங்கள் சர்வர் விஷயம். நிறுவல் ஒழுங்காக முடிந்து, 'இம்போர்ட் சிவி2' (பைத்தானில் ஓப்பன்சிவியின் பெயர் சிவி2) என்றதும் 'லிப்ஜிஎல்.எஸ்ஓ.1' இல்லை என்கிறது, இல்லையா? சாதாரணப் பொதியில் படத்தைச் சாளரத்தில் காட்டும் பகுதியும் சேர்ந்தே வருகிறது. திரையே இல்லாத சர்வரில் அதற்கு வேண்டிய கிராஃபிக்ஸ் கோப்பு இருக்காது. அந்தக் கோப்பை மட்டும் தனியாக நிறுவச் சொல்வார்கள். அதிலும் வேலை நடக்கும். ஆனால் சரியான வழி 'ஓப்பன்சிவி-பைத்தான்-ஹெட்லெஸ்' பொதி. பழையதை முதலில் நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே சிவி2 கோப்புறையில்தான் எழுதும், சேர்ந்திருந்தால் எது ஓடுகிறது என்றே தெரியாது. ஹெட்லெஸில், படத்தைச் சாளரத்தில் காட்டும் 'ஐஎம்ஷோ' வேலை செய்யாது. சர்வரில் அது தேவையும் இல்லை.

நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில், ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் படிமம் என்றால் கதை வேறு. அதில் ஜிலிப்சி என்ற வழக்கமான அடிப்படை சி நூலகத்துக்குப் பதில் மசல் என்ற வேறொன்று இருப்பதால் மேனிலினக்ஸ் வீல் ஏறாது. அளவு சிறியது என்று ஆல்பைனைப் பிடித்துத் தொங்க வேண்டாம், டெபியன் ஸ்லிம் படிமத்துக்கு மாறிவிடுங்கள்.

டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், கணினியின் சொந்தப் பைத்தானில் பிப்பைப் பயன்படுத்தினால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று தடுத்துவிடும். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற கொடியைச் சேர்த்து அதைத் தாண்டச் சொல்லும் பதில்களைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். கணினியின் பல கருவிகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. 'பைத்தான்3 -எம் வென்வ்' என்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். மூன்று தளத்திலும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

மேக்கில் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. எம்1 முதலான மேக்கில், பைத்தானில் 'பிளாட்ஃபார்ம்.மெஷின்' கேட்டு 'எக்ஸ்86_64' என்று வந்தால் மட்டும், பைத்தான் ரொசெட்டா (இன்டெல் மேக் நிரல்களை மாற்றி ஓட்டும் ஆப்பிள் கருவி) வழியாக ஓடுகிறது. ஏஆர்எம் பைத்தானை நிறுவிக்கொள்ளுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் 'பிப் டீபக் --வெர்போஸ்' ஓட்டுங்கள். உங்கள் பிப் ஏற்கும் வீல் குறிகளின் பட்டியல் வரும். அதையும், பிப் இறக்கிய கோப்பின் பெயரையும், பிழைச் செய்தி முழுவதையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.