மடத்துக்குப் போகுமுன் விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டுமா?

கேள்வி: எனக்கு 22 வயது. அருள்சகோதரியாகத் துறவற சபையொன்றில் சேரவிருக்கிறேன். தந்தை உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தாயும் இரண்டு அண்ணன்மாரும் இருக்கிறார்கள். ‘வாழ்வையே கடவுளுக்குக் கொடுப்பவளுக்குச் சொத்து எதற்கு, போகுமுன் உன் பங்கை அண்ணன்மாருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடு’ என்கிறார் பெரியப்பா. திருச்சபை அப்படித்தான் கேட்கிறதா?

பதில்: இல்லை. வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலமான நவதுறவகத்தில் சேர்வதற்கு எந்தச் சொத்தையும் எவருக்கும் எழுதிக்கொடுக்கும்படி 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் கேட்கவில்லை. முதல் வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது துறவற வாக்குறுதிக்கு முன், உங்கள் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை நீங்கள் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். உரிமை உங்களுடையதாகவே இருக்கும். வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன், நாட்டுச் சட்டப்படியும் செல்லத்தக்க உயில் ஒன்றை எழுத வேண்டும். ஆனால் முதல் வார்த்தைப்பாட்டிலிருந்தே சபைப் பணியில் கிடைக்கும் ஊதியம் சபைக்கே உரியது.

இந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. நவதுறவகம் குறைந்தது 12 மாதம், தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது 3 ஆண்டுகள். அது முடியும்போது எவரும் தடையின்றி வெளியேறலாம். அப்படி வெளியேறுபவர், சபையில் செய்த உழைப்புக்கு ஈடாக எதையும் உரிமையோடு கேட்க முடியாது. நீதியோடும் அன்போடும் நடத்துமாறு சபைக்கு அறிவுறுத்தல் மட்டுமே உண்டு. இவற்றைச் சேருமுன்பே பெண்ணையும் தாயையும் உட்காரவைத்து விளக்கும் சபைகள் ஏன் இத்தனை குறைவாக இருக்கின்றன என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஒரு விதிவிலக்கைக் கவனமாகப் படியுங்கள். சில சபைகளில், குறிப்பாக வெளியுலகை விட்டு ஒதுங்கி வாழும் அடைப்பு மடங்கள் சிலவற்றில், அவற்றின் இயல்பின்படி சொத்துரிமையை முற்றிலும் துறந்தாக வேண்டும். அங்கும் அந்தத் துறவு நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் எழுதப்பட்டு, வார்த்தைப்பாடு கொடுக்கும் நாளிலிருந்தே நடைமுறைக்கு வரும். சேரும் நாளில் அல்ல. யாருக்குக் கொடுப்பது என்பதும் அண்ணன்மார் முடிவு செய்வதல்ல. உங்கள் சபை இந்த வகையைச் சேர்ந்ததா என்பதை அதன் அமைப்பு விதிகளே சொல்லும். அவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி உங்கள் தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமம், அதாவது உங்களுக்கு ஒன்பதில் இரண்டு பங்கு. விடுதலைப் பத்திரத்தில் ‘யாருடைய தூண்டுதலுமின்றி முழு மனதுடன்’ என்ற வரியைப் பத்திர எழுத்தர் வழக்கமாகவே சேர்த்துவிடுவார். பதிவாகிவிட்டால், நீங்கள் மடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டீர்கள் என்பதற்காக அது ரத்தாகாது. வற்புறுத்தலையோ ஏமாற்றையோ உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அந்த வரியே உங்களுக்கு எதிராக நிற்கும். ‘இது வெறும் சம்பிரதாயம், பட்டா மாற்றத்துக்குத்தான்’ என்று சொல்லி அவசரப்படுத்தும் இடைத்தரகரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

‘உமக்கு உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடும்’ என்றே ஆண்டவர் இயேசு தம்மிடம் வந்த செல்வந்த இளைஞனிடம் சொன்னார். உடன்பிறந்தோருக்கு எழுதிவை என்று சொல்லவில்லை. உங்கள் பங்கைப் பிற்பாடு ஏழைகளுக்கோ, தாயின் முதுமைக்கோ கொடுக்க விரும்பினால், அந்த விருப்பம் நிறைவேற இன்று அது உங்கள் பெயரில் இருந்தாக வேண்டும்.

இப்போதைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழின் நகலைக் கேட்டு, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மடத்துக்குப் போகிற பெண்தானே என்று பெயரை விட்டுவிடுவதும், விசாரிக்க வருபவர் அதைக் கேளாமலே கையொப்பமிடுவதும் நடக்கின்றன. பெயர் விடுபட்டிருந்தால், நவதுறவகத்துக்குப் புறப்படுமுன் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகைச் சீட்டைத் தாயிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போங்கள்.