இரண்டு துபாக் அமாருக்கள்: மகளின் கட்டுரையில் எழுந்த குழப்பம் குறித்து

வணக்கம். 1572இல் கொல்லப்பட்ட துபாக் அமாரு 1780இல் எப்படிக் கிளர்ச்சி செய்தார், தங்கள் மகளின் பள்ளிக் கட்டுரையில் எந்த ஆண்டை நீக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியான ஆண்டுகள், ஆட்கள்தாம் வேறு.

முதலாமவர் தென் அமெரிக்காவின் பெருப் பகுதியை ஆண்ட இன்கா அரச மரபின் கடைசி ஆட்சியாளர். 1533இல் இன்கா பேரரசர் அதாவால்பாவை ஸ்பானியர் கொன்ற பின்னும் வில்கபம்பா மலைக்காடுகளில் அம்மரபின் ஆட்சி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1572இல் இவரைப் பிடித்துவந்து, பழைய இன்கா தலைநகரான குஸ்கோவின் சதுக்கத்தில் தலையை வெட்டினர்.

இரண்டாமவரின் இயற்பெயர் ஹொசே கபிரியேல் கொண்டோர்காங்கி. ஊர்த்தலைவராகவும், கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி அனுப்பும் வணிகராகவும் இருந்த இவர், முன்னவரின் மகள்வழி வந்தவர் என்று உரிமை கோரியே அப்பெயரைச் சூடினார். பொதோசி வெள்ளிச் சுரங்கத்துக்குக் கட்டாய வேலையாட்களை அனுப்பும் முறையும், வேண்டாத பொருள்களை அதிகாரிகள் குடியானவர் தலையில் கட்டிக் காசு பறித்த வழக்கமும் பொறுக்க முடியாத அளவுக்கு முற்றியபோது, 1780 நவம்பரில் அரியாகா என்னும் ஸ்பானிய மாவட்ட அதிகாரியைச் சிறைபிடித்துத் துங்கசூக்கா என்னும் ஊரில் தூக்கிலிட்டுக் கிளர்ச்சியைத் தொடங்கினார். பிடிபட்ட இவரை ஸ்பானியர் 1781 மே 18 அன்று, மனைவி மிக்காயேலா பஸ்தீதாஸ் கொல்லப்படுவதைக் கண்ணெதிரே காணவைத்த பின், நான்கு குதிரைகளில் கை கால்களைக் கட்டி இழுத்தனர். உடல் பிய்யாததால் தலையை வெட்டினர். அதுவும் அதே குஸ்கோ சதுக்கத்தில்தான்; குழப்பத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கட்டுரையில் இவரை ‘இரண்டாம் துபாக் அமாரு’ என்று குறிக்கச் சொல்லுங்கள். 1821இல் பெருவின் விடுதலையை அறிவித்தவர் தளபதி சான் மார்ட்டின் என்பதால், அதை இவர் கணக்கில் எழுத வேண்டாம்.