மறைத்துக் கொடுக்காதீர்கள், தங்கச்சி

கேள்வி: ஆசிரியர் ஐயா, என் கணவருக்கு 46 வயது. மரக்கறி என்றால் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவார். மீன் பொரியல், பருப்பு, உருளைக்கிழங்கு, அதற்கு மேல் எதுவும் இறங்காது. பிரஷர் இருக்கிறது, சாப்பாட்டைக் கவனியுங்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். கீரையையும் கரட்டையும் அரைத்துப் பருப்புக்குள்ளும் கட்லட்டுக்குள்ளும் மறைத்துக் கொடுக்கலாமா? வேறு என்ன சமைக்கலாம்?
— ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: வேறு என்ன சமைக்கலாம் என்பதற்குப் பிறகு வருகிறேன், தங்கச்சி. 'மறைத்து' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டு என்னால் நகர முடியவில்லை.

யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்? வேலைக்குப் போகிற, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற 46 வயது மனிதரிடமிருந்து. அவருடைய இரத்த அழுத்தத்துக்கான சாப்பாட்டை அவருக்கே தெரியாமல் ஊட்டப் பார்க்கிறீர்கள். சின்னப் பிள்ளைக்குக்கூட இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். புதுச் சாப்பாடு ஒன்று பிள்ளைக்குப் பிடிபட, அதைக் கண்ணால் கண்டு, வாயில் வைத்து, சில நேரம் பத்துப் பதினைந்து தடவையாவது பழக வேண்டும். அரைத்து ஒளித்த கரட்டை எத்தனை வருடம் தின்றாலும் கரட் பழகாது. அதோடு, ஒருநாள் பருப்பில் பச்சை நிறம் தெரிந்துவிட்டால் அவர் பருப்பையும் சந்தேகிக்கத் தொடங்குவார். இறங்குகிற மூன்றில் ஒன்று போய்விடும்.

என்னை அதைவிட வருத்துவது வேறு. மறைப்பதற்கு எவ்வளவு வேலை! சீவ வேண்டும், அவிக்க வேண்டும், அரைக்க வேண்டும், நிறம் தெரியாமல் கலக்க வேண்டும், பிறகு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாம் உங்கள் தலையில். இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப எழுதி, திரும்பத் திரும்ப ஏச்சு வாங்குகிற விஷயம் இது: நம் வீடுகளில் ஆணின் உடம்பைப் பெண்தான் சுமக்கிறாள். கிளினிக் கொப்பி யாருடைய கைப்பையில் இருக்கிறது? குளிசை முடியப்போவது யாருக்கு நினைவிருக்கிறது? டொக்டர் "உப்பைக் குறையுங்கள்" என்றதும் கணவர் திரும்பி மனைவியைப் பார்ப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். வருத்தம் அவருக்கு, அறிவுரை உங்களுக்கு.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரின் கதை நம் ஊர்க்காரர் பலருக்குத் தெரியும். கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் தகப்பனோடு வந்தவர். புயலில் பாய்மரம் போய், அதைச் சரிசெய்யக் கொட்டியார் குடாவுக்குள் நுழைந்தார்கள். 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் மூதூர்ப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோக, மகன் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் இருந்து 1679இல் தப்பினார். அவர் எழுதியது 1681இல் லண்டனில் அச்சானது. அதில் சாப்பாட்டைப் பற்றிய இடத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. அந்த மக்களுக்கு வீட்டில் அரிசியும் உப்பும் இருந்தால் குறையில்லையாம். கொஞ்சம் பச்சை இலை, எலுமிச்சைச் சாறு, மிளகு, உப்பு, இவ்வளவையும் வைத்துத் திருப்தியாகச் சாப்பிடுவார்களாம். கணவர் சாப்பிடும்போது மனைவி பக்கத்திலிருந்து பரிமாறிவிட்டுப் பிறகுதான் சாப்பிடுவாள் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை. முந்நூற்று ஐம்பது வருடத்தில் இலையைக் கைவிட்டோம், பரிமாறிவிட்டு நிற்பதைக் கைவிடவில்லை. மாறிச் செய்திருக்கலாம்.

சரி, பிரஷருக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்கக் கீரையும் கரட்டும்தான். உப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. மரக்கறி நல்லது, அதிலுள்ள பொட்டாசியம் இரத்த அழுத்தத்துக்கு உதவும் (சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்). ஆனால் முதலில் பார்க்க வேண்டியது உப்பை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு கரண்டிக்குள் சோற்றுக்கும் கறிக்கும் போடுவது மட்டுமில்லை, கருவாடு, ஊறுகாய், பப்படம், மோர்மிளகாய், டின் மீன், சூப் கட்டி, நூடுல்ஸ் பைக்கற்றுக்குள் இருக்கும் தூள் எல்லாம் அடக்கம். பாணிலும் உப்பு இருக்கிறது. பாணோடு எனக்குள்ள பகை பழையது, இன்று அதைக் கிளறவில்லை. கருவாட்டை ஊறவிட்டுக் கழுவினால் உப்புக் கொஞ்சம் இறங்கும், முழுக்கப் போகாது. பொரிக்கிற மீனில் உப்பைப் பாதியாக்கி, இறக்கியதும் தேசிக்காய்ப் புளி விடுங்கள். முதலில் சப்பென்றுதான் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு இறங்கி வரும், பழைய உப்புக் கரிக்கத் தொடங்கும். இதையும் அவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், அவர் ஏன் ஒதுக்குகிறார் என்று எப்போதாவது கேட்டதுண்டா? 'மரக்கறி பிடிக்காது' என்பது பதிலாகாது. ஒருவருக்கு வெண்டிக்காயின் வழுவழுப்பு ஆகாது, இன்னொருவருக்குக் கோவாவின் மணம். வேறொருவருக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது, அவர் வெளியே சொல்வதில்லை. முன்பு எல்லாம் சாப்பிட்டவர் திடீரென்று ஒதுக்கத் தொடங்கியிருந்தால், விழுங்கக் கஷ்டப்பட்டால், அது அடுப்படி விஷயமே இல்லை, டொக்டரிடம் போக வேண்டும்.

கசப்பைப் பற்றி நம்மில் பலர் நினைப்பது பிழை. 1931இல் ஆர்தர் ஃபொக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆய்வுகூடத்தில் ஒரு தூளைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் கசக்கிறது என்றார், ஃபொக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. அந்த வித்தியாசம் பிறப்போடு வருவது என்று பிறகு தெளிவானது. சில கசப்புகள் உங்களுக்குத் தெரிவதைவிட அவருக்குப் பல மடங்கு தெரியலாம். ஆகவே 'நடிக்கிறார்' என்று முடிவுகட்டாதீர்கள். பாகற்காயை மெல்லிசாக அரிந்து ஒரு சிட்டிகை உப்போடு பிசறிப் பிழிந்துவிட்டுச் சமையுங்கள், கசப்பு அடங்கும். மீனில் மிச்சம் பிடித்த உப்பில் கொஞ்சத்தை இங்கே செலவழிக்கலாம்.

மணத்துக்குக் காரணம் பெரும்பாலும் நேரம். கோவாவை அவிய விட அவிய விடக் கந்தக மணம் கூடிக்கொண்டே போகும். கோயில் பூசைக்குப் போய்வந்து இறக்குகிற கோவாவை நானும் ஒதுக்குவேன். சூடான தாச்சியில் உள்ளியும் செத்தல் மிளகாயும் தாளித்து, கோவாவைப் போட்டுக் கிளறி, பல்லில் கடிபடும்போதே இறக்குங்கள். கங்குனுக்கும் இதுவே வழி. வெண்டிக்காயைக் கழுவித் துடைத்த பிறகு வெட்டி, தண்ணீர் விடாமல் வதக்குங்கள்.

மீன் சாப்பிடுகிற மனிதர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார், அது பெரிய வசதி. திருகோணமலையில் இருந்துகொண்டு மீனைத் துணைக்குக் கூப்பிடாவிட்டால் எப்படி? சுறா வறைக்குள் முருங்கையிலையைக் கண்ணுக்குத் தெரியவே போடுங்கள். முருங்கைக்காயும் இறாலும், கத்தரிக்காயும் பச்சை நெத்தலியும் ஒன்றாகச் சட்டியில் கிடக்கட்டும். பூசணியைத் தேங்காய்ப்பாலில் வைத்தால் அதிலுள்ள கரோட்டினைக் கொழுப்போடு சேர்த்து உடம்பு நன்றாக எடுக்கும், பாலை அளவாக விட்டால் போதும். தொலைக்காட்சியில் காட்டுகிற புரக்கோலிக்கும் ஒலிவ் எண்ணெய்க்கும் காசைக் கொட்டாதீர்கள். வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்த சம்பலுக்கு அவை கிட்டவும் வராது. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கமிருந்தால் அதை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கீரையிலுள்ள இரும்பை உடம்பு எடுப்பதைத் தேயிலை தடுக்கும்.

ஆனால் இதையெல்லாம் நீங்கள் மட்டும் செய்வதாக இருந்தால் நான் எழுதியது வீண். கிளினிக் கொப்பியை அவர் கையில் கொடுங்கள். கிழமையில் ஒருநாள் அவரே சந்தைக்குப் போய் மரக்கறி தெரிவுசெய்யட்டும், அன்று அவரே சமைக்கட்டும். தான் தொட்டு, அரிந்து, தாளித்ததை மனிதர் ருசி பார்க்காமல் விடுவது அபூர்வம். பிடிக்கவில்லை என்றாலும் என்ன பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரும். மூன்று மரக்கறியிலாவது உடன்பாடு வந்தால் அதை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கூட்டலாம்.

ஆண்பிள்ளையை அடுப்படிக்கு அனுப்பலாமா என்று எனக்குக் கடிதம் போடப் பேனையை எடுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் அன்னதானத்தில் கிடாரத்தின் முன் நின்று கிண்டுவது யார்? நாள்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிற படகில் சோறு சமைப்பது யார்? நூறு பேருக்குச் சமைக்கிற கைக்கு இரண்டு பேருக்கு ஒரு கீரை வறுக்க என்ன கஷ்டம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள், முழுதாகப் பிரசுரிக்கிறேன்.