அனுபவச் சான்றிதழ் – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்,

படிப்பு முடித்து இரண்டரை வருடம் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பிறகு அப்பாவின் உடல்நிலை காரணமாக ஒன்றரை வருடம் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. இப்போது விண்ணப்பிக்கும் இடமெல்லாம் நான்கு வருட அனுபவம் கேட்கிறார்கள். ஒரு ஏஜென்ட், அந்த இடைவெளிக்கு வேறொரு கம்பெனி பெயரில் அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சரிபார்க்க போன் வந்தால் அவர்களே பேசிக்கொள்வார்களாம். நண்பர்கள் சிலர் இப்படிச் சேர்ந்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு வேலை தெரியும், யாருக்கும் நஷ்டம் வைக்க மாட்டேன். மிஞ்சிப்போனால் வேலையை விட்டு அனுப்புவார்கள், அவ்வளவுதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை, அவ்வளவோடு நிற்காது. தயவுசெய்து அந்த ஏஜென்டிடம் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

செய்த வேலையைக் கொஞ்சம் தூக்கி எழுதுவதைப் பலரும் செய்கிறார்கள். அதுவும் நல்லதல்ல, ஆனால் பெரும்பாலும் நேர்முகத் தேர்விலேயே தெரிந்துவிடும். உங்கள் ஏஜென்ட் தருவது வேறு சரக்கு. நீங்கள் கால் வைக்காத அலுவலகத்தின் லெட்டர்ஹெட், யாரோ போட்ட கையெழுத்து, வாங்காத சம்பளத்துக்குச் சீட்டு. சட்டத்தின் பார்வையில் இவை போலி ஆவணங்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 336ஆம் பிரிவின்படி, ஏமாற்றும் நோக்கில் போலி ஆவணம் தயாரித்தால் ஏழாண்டு வரை சிறை. ‘நான் தயாரிக்கவில்லையே’ என்றால், போலி என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கும் அதே தண்டனை என்கிறது 340ஆம் பிரிவு. ஏஜென்டுக்கு நீங்கள் அனுப்பும் பணமும், அவரோடு வாட்ஸ்அப்பில் பேசியதும், உங்களுக்குத் தெரிந்துதான் நடந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கும். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டம் இன்னும் கறார். ஆதாயம் கருதி நேர்மையற்ற முறையில் பொய்த் தகவல் தந்தாலே குற்றம், வேலை கிடைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

‘எனக்கு வேலை தெரியும்’ என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி அது. ஜான் ஆண்ட்ரூஸ் என்பவரின் வழக்கைச் சொல்கிறேன். 2004இல் இங்கிலாந்தில் இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் ஒரு அமைப்பின் தலைமை அதிகாரி பதவிக்கு விண்ணப்பித்தார். இல்லாத பட்டங்களையும் அனுபவத்தையும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். வேலை கிடைத்தது. பத்தாண்டுக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். வேலையில் குறையே சொல்ல முடியாது. மதிப்பீடுகளில் தொடர்ந்து நல்ல பெயர். இடையில் இரண்டு அரசு மருத்துவ அறக்கட்டளைகளுக்குத் தலைவராகவும் ஆனார். பிறகு உண்மை வெளியே வந்தது. 2017இல் இரண்டாண்டு சிறை.

அதோடும் முடியவில்லை. வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. உழைத்துத்தானே வாங்கினார் என்பது அவர் தரப்பு வாதம். 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. உழைப்புக்கு மதிப்பு உண்டு, ஆகவே முழுச் சம்பளத்தையும் பறிப்பது அதிகம். ஆனால் பொய் சொல்லாவிட்டால் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்துக்கும் பொய்யால் கிடைத்த சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் அவருடையதல்ல என்றது நீதிமன்றம். அந்த வித்தியாசமே அவரிடம் மிச்சமிருந்த சொத்தைவிட அதிகம். 96,737 பவுண்ட், அதாவது மீட்கக்கூடிய அளவுக்கு அவரிடம் இருந்தது மொத்தமும், பறிமுதலுக்குப் போனது. நன்றாக வேலை செய்தது அவரைச் சிறையிலிருந்து காப்பாற்றவில்லை.

உங்கள் நண்பர்கள் இன்றைக்கு நன்றாக இருக்கிறார்கள், சரி. ஆனால் ஆண்ட்ரூஸும் பத்து வருடம் நன்றாகத்தான் இருந்தார். பதவி உயர்வின்போதோ, புது கிளையன்ட் கேட்டாலோ, கம்பெனி கைமாறினாலோ கோப்பை மறுபடி பிரிப்பார்கள். சரிபார்ப்பவர்கள் சான்றிதழில் அச்சடித்த எண்ணுக்கே போன் செய்வார்கள் என்றும் நம்பாதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் கம்பெனியின் எண்ணைத் தாங்களே தேடிப் பிடிப்பார்கள். சேமநிதிக் கணக்கில், வரிப் பதிவில், வங்கி அறிக்கையில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு காசு வந்திருக்காது. ஏஜென்ட் போனில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அதை அவரால் உண்டாக்க முடியாது.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. நாளைக்கு உங்களை வேலைக்கு எடுத்த கம்பெனி உங்களுக்கு உண்மையிலேயே அநியாயம் செய்தால், உங்களால் நிமிர்ந்து கேட்க முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல், பாகுபாட்டால் வேலை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில் ஒரு விதி வகுத்தது. பணிநீக்கம் சட்டவிரோதமாகவே இருந்தாலும், பணியாளர் முன்பு செய்த பெரிய தவறு ஒன்று பிற்பாடு தெரியவந்தால், பொதுவாக வேலை திரும்பக் கிடைக்காது. இழந்த சம்பளமும் தவறு தெரியவந்த நாள் வரைக்கும்தான். அந்த வழக்கில் தவறு வேறு. ஆனால் விண்ணப்பத்தில் சொன்ன பொய்களுக்கும் அங்கே நீதிமன்றங்கள் இதையே பொருத்துகின்றன.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தது குற்றமில்லை. அதை மறைக்க வேண்டும் என்று உங்களை நினைக்க வைத்த சூழல்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. ரெஸ்யூமேயில் ‘குடும்பத்தில் நோயாளியைப் பராமரிப்பதற்காக இடைவெளி’ என்று தேதியோடு ஒரே வரியில் எழுதுங்கள். அந்த நாட்களில் எதையாவது கற்றிருந்தால், சொந்தமாக ஏதும் செய்து பார்த்திருந்தால், அடுத்த வரியில் அதைப் போடுங்கள். நான்கு வருடம் கேட்கும் இடத்திலும் இரண்டரை வருடம் என்றே எழுதி விண்ணப்பியுங்கள். சில இடங்களில் கதவைச் சாத்துவார்கள். விளம்பரத்தில் கேட்கும் எண்ணைத் தளர்த்திக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு.

ஏற்கெனவே எங்காவது அந்த இடைவெளியை நிரப்பி அனுப்பியிருந்தால், ஆஃபர் வரும்வரை காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். போலி ஆவணம் எதையாவது இணைத்துவிட்டீர்கள் என்றால், அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஏஜென்டிடம் அசல் சான்றிதழ்கள் ஏதும் கொடுத்திருக்கிறீர்களா? இருந்தால் முதல் வேலையாக அவற்றை வாங்கிவிடுங்கள்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? எழுதுங்கள்.